ஷெல் டெஸ்டும் கோட் ரிவ்யூவும்: வாசகர் கேள்வி-பதில்

ஷெல் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதுகிறவர்களும் அதை ரிவ்யூ செய்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். குறியீடுகள் திரையில் வருவது போலவே இருக்கும்.

கேள்வி: எங்கள் டீமில் ஒரு பழைய டெஸ்ட் ஃபைல் இருக்கிறது. ஓரிடத்தில் டேப், ஓரிடத்தில் நான்கு ஸ்பேஸ், ஓரிடத்தில் இன்டென்ட்டே இல்லை. புது டெஸ்ட் ஒன்றைச் சேர்க்கப் போனவள், கையோடு மொத்த ஃபைலையும் ஒழுங்குபடுத்தி அனுப்பினேன். ரிவ்யூ செய்த சீனியர், "இதை இப்படியே படிக்க முடியாதும்மா, பிரிச்சு அனுப்பு" என்று திருப்பிவிட்டார். ஒழுங்குபடுத்தியது தப்பா?
— வாசகி, பெருங்குடி

பதில்: ஒழுங்குபடுத்தியது நல்ல வேலைதான். அதையும் புது டெஸ்டையும் ஒரே கமிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் ஒரு பதிவு) கலந்ததுதான் சிக்கல். 400 வரி மாறியிருக்கும் டிஃப்பில் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசப் பட்டியல்) உண்மையான மாற்றம் 12 வரி என்றால், அந்த 12-ஐத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை ரிவ்யூ செய்பவர் தலையில் கட்டுகிறீர்கள். தேடிக் களைத்தவர் ஒரு கட்டத்தில் "சரியாகத்தான் இருக்கும்" என்று ஒப்புதல் கொடுத்துவிடுவார். பிழை நுழைவது அங்கேதான்.

கலந்தாகிவிட்டது, இனி எப்படிப் பிரிப்பது என்றால் எளிய வழி இருக்கிறது. இப்போதுள்ள இறுதி வடிவத்தை ரெப்போவுக்கு (கோட் சேமித்திருக்கும் இடம்) வெளியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள். அதில் இன்டென்ட், வரி முறிப்பு, மேற்கோள் இடம் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். முன்பு எத்தனை பாஸ் ஆயினவோ அத்தனையும் அதே பெயர்களில் பாஸ் ஆக வேண்டும். அதை முதல் கமிட்டாகப் போடுங்கள். பிறகு வெளியே வைத்த காப்பியை அதன்மேல் எழுதி, இரண்டாவது கமிட் போடுங்கள். இரண்டாவது டிஃப்பில் உங்கள் 12 வரி மட்டுமே நிற்கும். வேறு ஏதாவது தென்பட்டால், முதல் கமிட்டில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முதல் கமிட்டை ரிவ்யூ செய்பவருக்கும் ஒரு சொல். 'கிட் டிஃப் -டபிள்யூ' வெற்றிட வித்தியாசத்தை மறைத்துக் காட்டும். வரிக்குள் மாறிய வெற்றிடத்தைத்தான் அது மறைக்கும். ஒரு வரி இரண்டாக உடைந்திருந்தால் மறைக்காது. அப்படி உடைந்த இடங்களுக்கு '--வேர்ட்-டிஃப்' போட்டால், சொல் மாறாத பகுதி அடங்கிப்போய், நீக்கிய பின்சாய்வுக் கோடு போன்றவை மட்டும் நிறத்தில் தெரியும்.

ஆனால் '-டபிள்யூ'வை முழுதாக நம்பிவிடக் கூடாது. ஷெல்லில் வெற்றிடத்துக்குப் பொருள் உண்டு. வரி முடிவில் \ போட்டு அடுத்த வரிக்குத் தொடர்கிறீர்கள். அந்த \-க்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால் தொடர்ச்சி அறுந்தது. ஷெல் அதை 'ஸ்பேஸ் என்ற ஓர் ஆர்க்யுமென்ட்' என்று எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே முடித்துவிடும். அடுத்த வரி தனிக் கட்டளையாக ஓடும். '-டபிள்யூ' இதைக் காட்டவே காட்டாது. மேற்கோளுக்குள் இருக்கும் பல வரிச் சரத்திலும், ஹியர்-டாக் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதித் தரும் பல வரி உள்ளீடு) உள்ளேயும் இதே ஆபத்து. ஆகவே முதலில் '-டபிள்யூ'வோடு ஒருமுறை படியுங்கள். பிறகு அது இல்லாமல், \ வரும் வரிகளையும் << வரும் இடங்களையும் மட்டும் கண்ணோட்டுங்கள். வரிக்கடைசி வெற்றிடத்தை 'கிட் டிஃப் --செக்' தானே பிடித்துக் கொடுக்கும். அனுப்புமுன் அதை ஓட்டுவது எழுதுகிறவர் கடமை.

பெரிய ஒழுங்குபடுத்தலுக்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் 'கிட் பிளேம்' முழுவதும் உங்கள் பெயராகவே வரும் என்ற கவலை வேண்டாம். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-லிருந்து, பிளேம் எந்தெந்தக் கமிட்டுகளைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம். வடிவக் கமிட்டின் எண்ணை அதில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு டெஸ்ட் பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும்? கிட் மென்பொருளின் டெஸ்ட் நடையைப் பின்பற்றச் சொல்கிறார்கள். அந்த நடையின் காரணம் புரிந்தால் மனதில் நிற்கும்.
— வாசகர், அம்பத்தூர் தொழிற்பேட்டை

பதில்: காரணத்தோடு கேட்டது சரி. பஸ் தட எண்களை வரிசைப்படுத்தி, இரட்டிப்பை நீக்கும் 'தடம்' என்ற சிறு ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். பழைய பாணியில் அதன் டெஸ்ட் இப்படி இருக்கும்:

டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_சக்ஸஸ் \
    'தடம் டெஸ்ட் 2' \
    'கேட் > உள்ளீடு << முடிவு
29சி
21ஜி
29சி
முடிவு
    ./தடம் உள்ளீடு > கிடைத்தது
    டெஸ்ட்_சிஎம்பி வரவேண்டியது கிடைத்தது'

அதையே இப்படி எழுதலாம்:

டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_சக்ஸஸ் 'இருமுறை வந்த தடம் ஒருமுறை மட்டும் வரும்' '
	கேட் >உள்ளீடு <<-\முடிவு &&
	29சி
	21ஜி
	29சி
	முடிவு
	கேட் >வரவேண்டியது <<-\முடிவு &&
	21ஜி
	29சி
	முடிவு
	./தடம் உள்ளீடு >கிடைத்தது &&
	டெஸ்ட்_சிஎம்பி வரவேண்டியது கிடைத்தது
'

('டெஸ்ட்_சிஎம்பி' இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் கட்டளை.) தலைப்பு, கட்டளை இருக்கும் அதே வரியில் வந்துவிட்டது. உடலைத் திறக்கும் ஒற்றை மேற்கோள் அந்த வரியின் கடைசியில், மூடும் மேற்கோள் தனி வரியில் இடது ஓரத்தில். இதனால் வரிக்கடைசியில் \ ஒன்றுகூடத் தேவையில்லை. முந்தைய பதிலில் சொன்ன ஸ்பேஸ் ஆபத்தும் கூடவே போய்விட்டது. டெஸ்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். உடல் முழுவதும் ஒரு டேப் உள்ளே. ரீடைரக்ட் குறிக்கு முன்னால் ஸ்பேஸ் உண்டு, பின்னால் இல்லை.

தலைப்பையும் கவனியுங்கள். 'தடம் டெஸ்ட் 2' என்ற தலைப்பு, சிஐ (கோட் அனுப்பியதும் டெஸ்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) லாகில் சிவப்பாக வரும்போது யாருக்கும் எதுவும் சொல்லாது. என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு வாக்கியமாக எழுதினால், லாகைப் பார்த்ததுமே உடைந்தது எது என்று தெரியும்.

பழைய வடிவில் 'வரவேண்டியது' என்ற ஃபைல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஏதோ முந்தைய டெஸ்ட் உருவாக்கியிருக்கும். புது வடிவில் உள்ளே போவதும் வெளியே வர வேண்டியதும் ஒரே திரையில் இருக்கின்றன. ரிவ்யூ செய்பவர் மேலும் கீழும் ஓட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது &&. இடப்பக்கக் கட்டளை வென்றால் மட்டுமே அடுத்ததை ஓட்டச் சொல்லும் குறி அது. மேலே முதல் வடிவில் './தடம்' வரியின் கடைசியில் && இல்லை. ஷெல்லில் ஒரு தொகுதியின் முடிவு அதன் கடைசிக் கட்டளையின் முடிவுதான். 'தடம்' பாதியில் செத்துப்போனாலும், முந்தைய ஓட்டத்தில் மிஞ்சிய 'கிடைத்தது' ஃபைலோ, சாவதற்கு முன் அது எழுதித் தள்ளிய வரிகளோ 'வரவேண்டியது'டன் பொருந்திவிட்டால் டெஸ்ட் பாஸ். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே எதுவும் சோதிக்கப்பட்டிருக்காது.

&& எப்போதும் வரியின் கடைசியில் வரட்டும். கடைசியில் இருந்தால் ஷெல் அடுத்த வரியைத் தானே எதிர்பார்க்கும், \ வேண்டாம். எல்லா வரிகளும் && என்று முடியும்போது, முடியாத வரி பல் விழுந்த இடம் போலக் கண்ணில் படும். ஹியர்-டாக் வரும் இடத்தில் மட்டும் ஒரு கவனம்: && வர வேண்டியது << இருக்கும் திறப்பு வரியில். 'முடிவு' என்ற சொல்லுக்குப் பின்னால் போட்டால், அந்த வரி முடிவு வரியாகவே கருதப்படாது.

இந்தச் சங்கிலி அறுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க கிட் திட்டம் ஒரு நல்ல உத்தியை வைத்திருந்தது. டெஸ்ட் உடலுக்கு முன்னால் '(எக்ஸிட் 117) &&' என்று, அதாவது 117 என்ற எண்ணோடு தோற்று முடியும் கட்டளையை, ஒட்டி ஓட்டுவார்கள். சங்கிலி முழுதாக இருந்தால் முதலிலேயே தோற்று, 117 அப்படியே கடைசிவரை வந்து சேரும். நடுவில் ஒரு && விடுபட்டிருந்தால் அதற்குப் பின்னுள்ள வரிகள் ஓடி, வேறு எண் வரும். அப்படி வந்தால் டெஸ்ட் எழுதிய விதமே பிழை என்று நிறுத்திவிடலாம். உங்கள் சொந்தக் கட்டமைப்பிலும் நான்கைந்து வரியில் இதைச் சேர்க்கலாம்.

இன்னொன்று. உடல் முழுவதும் ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதால், உள்ளே ஆங்கிலக் கமென்ட்டில் 'டோன்ட்' என்று எழுதி அதன் மேற்குறியைப் போட்டால் மேற்கோள் அங்கேயே மூடிக்கொள்ளும். பிழைச் செய்தி வேறெங்கோ இருபது வரி தள்ளிக் காட்டும். சொல்லை விரித்து எழுதுவதே தீர்வு.

கேள்வி: ஃபைல் தலைப்பிலேயே 'செட் -இ' போட்டிருக்கிறோம். ஏதாவது தோற்றால் ஸ்கிரிப்ட் தானே நிற்குமே. வரிக்கு வரி && எதற்கு?
— வாசகர், தரமணி

பதில்: 'செட் -இ' நிற்கும் என்று நினைக்கும் பல இடங்களில் நிற்காது. 'இஃப்', 'வைல்' நிபந்தனைக்குள், && அல்லது || சங்கிலியில் கடைசி அல்லாத இடத்தில், ! போட்ட கட்டளையில் அது செயல்படாது. இதைவிட ஏமாற்றுவது ஒன்று உண்டு: ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனையில் அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் உள்ள எல்லா வரிகளுக்கும் 'செட் -இ' அணைந்துவிடும். டெஸ்ட் கட்டமைப்பு உங்கள் உடலை 'இது வென்றதா?' என்று கேட்டு ஓட்டினால், நீங்கள் தலைப்பில் போட்ட 'செட் -இ' உள்ளே எட்டாது.

பேட்ஸ் (பாஷ் என்ற ஷெல்லுக்கான டெஸ்ட் கட்டமைப்பு) பயன்படுத்துகிறவர்களுக்கு விதி நேர்மாறு. பேட்ஸ் ஒவ்வொரு டெஸ்டையும் 'செட் -இ' நிலையில் ஓட்டி, அதை நம்பியே தோல்வியைப் பிடிக்கிறது. அங்கே போய் கிட் பழக்கத்தில் 'அ && ஆ' என்று எழுதினால், 'அ' தோற்றாலும் அது சங்கிலியின் கடைசி இல்லை என்பதால் ஸ்கிரிப்ட் நிற்காது. அது டெஸ்டின் கடைசி வரியாக இல்லாவிட்டால் தோல்வி காணாமல் போகும். பேட்ஸில் வரிக்கு ஒரு கட்டளை, && இல்லாமல். 'தோற்க வேண்டும்' என்பதற்கு வெறும் ! போடுவதும் இதே காரணத்தால் நடு வரியில் பலிக்காது, பேட்ஸ் 1.5-லிருந்து 'ரன் !' என்று எழுதலாம். மேக் கணினியோடு வரும் பாஷ் 3.2-இல், நடு வரியில் உள்ள [[ ]] தோற்றாலும் டெஸ்ட் நிற்காது. பாஷ் 4.1-இல்தான் அது மாறியது. டீமில் மேக் வைத்திருப்பவர் இருந்தால் [ ] போடுங்கள்.

ஆகவே ரிவ்யூவில் முதலில் பார்க்க வேண்டியது, இந்தக் கட்டமைப்பு தோல்வியை எந்த வழியில் பிடிக்கிறது என்பது. அது தெரியாமல் "&& போடு", "&& எடு" என்று சொல்வது இரண்டுமே தவறாகலாம்.

கேள்வி: ஹியர்-டாக் வந்தாலே இன்டென்ட் எல்லாம் கெட்டு, வரிகள் இடது ஓரத்துக்குப் போய்விடுகின்றன. உள்ளே தள்ளினால் டெஸ்ட் தோற்கிறது.
— வாசகி, சிறுசேரி

பதில்: << என்பதற்குப் பதில் <<- போடுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், முடிவுச் சொல்லின் முன்னும் உள்ள டேப்களை ஷெல் நீக்கிவிடும். டேப் மட்டும்தான், ஸ்பேஸ் அல்ல. நீங்கள் தள்ளியது ஸ்பேஸாக இருந்தால் முடிவுச் சொல்லையே ஷெல் அடையாளம் காணாது; ஃபைல் கடைசிவரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, பாஷாக இருந்தால் முடிவு கிடைக்கவில்லை என்று எச்சரிக்கும். எடிட்டர் தானாக டேப்பை ஸ்பேஸாக மாற்றுவதுதான் வழக்கமான குற்றவாளி. ரெப்போவில் ஓர் எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் வைத்து, ஷெல் ஃபைல்களுக்கு இன்டென்ட் டேப் என்று எழுதிவிட்டால் டீம் முழுவதற்கும் தீரும்.

திறப்பு வரியில் முடிவுச் சொல்லுக்கு முன் ஒரு \ போட்டால் ($ இருந்தாலும்) உள்ளே எதுவும் விரியாது. வேரியபிள் விரிய வேண்டிய இடத்தில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். \ இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தே "இதற்குள் மதிப்பு மாறும், மாறாது" என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: நீளமான பைப்லைனை (ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி | போட்டுக் கோத்த கட்டளைகளை) எங்கே முறிப்பது? | வரிக்கடைசியிலா, அடுத்த வரித் தொடக்கத்திலா? இதற்கே ரிவ்யூவில் பத்து கமென்ட் ஓடுகிறது.
— வாசகர், கிண்டி

பதில்: இரண்டு மரபும் உண்டு. கிட் திட்டத்தின் வழிகாட்டி, வரிக்கடைசியில் போடச் சொல்கிறது. கூகுளின் ஷெல் நடைக் கையேடு, அடுத்த வரித் தொடக்கத்தில் இரண்டு ஸ்பேஸ் தள்ளிப் போடச் சொல்கிறது; அப்போது முந்தைய வரிக்கடைசியில் \ அவசியம். எங்கள் வாக்கு முதலாவதற்கு, காரணம் மேலே சொன்ன அதே \ தான். ஆனால் ஃபைலில் ஏற்கெனவே உள்ள மரபைப் பின்பற்றுங்கள், பத்து கமென்ட்டுக்கு இது தகுதியில்லை.

டெஸ்டில் பைப்லைன் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பைப்பின் எக்ஸிட் கோடு (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்), கடைசிக் கட்டளையுடையது. './தடம் உள்ளீடு | கிரெப் 29சி' என்று எழுதினால், 29சி-யை அச்சிட்டுவிட்டு 'தடம்' செத்தாலும் பாஸ். சோதிக்கப்படும் நிரல் பைப்பின் இடப்பக்கம் வரவே கூடாது. முதல் வரியில் அதன் வெளியீட்டை ஃபைலில் எழுதி &&, அடுத்த வரியில் அந்த ஃபைலை கிரெப் செய்யுங்கள். ஒரு வரி கூடும். தோற்றால் அந்த ஃபைலைத் திறந்து பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம்.

'டெஸ்ட் "$(./தடம் உள்ளீடு)" = 29சி' என்பதிலும் அதே ஓட்டை: $( )-க்குள் தோற்றது வெளியே வராது. 'லோக்கல் விடை=$(./தடம்)' என்பதிலும் அதேதான், 'லோக்கல்' என்ற கட்டளையின் வெற்றிதான் எஞ்சும். அறிவிப்பை ஒரு வரியிலும், மதிப்பிடுதலை அடுத்த வரியிலும் பிரித்து எழுதுங்கள்.

வரிகளை எண்ணும்போது இன்னொன்று. மேக்கில் 'டபிள்யூசி -எல்' எண்ணுக்கு முன்னால் ஸ்பேஸ்களைச் சேர்த்து அச்சிடும். லினக்ஸில் '3', மேக்கில் ஸ்பேஸோடு '3'. மேற்கோளுக்குள் போட்டு = என்று ஒப்பிட்டால் மேக்கில் தோற்கும். '-ஈக்யூ' போட்டு எண்ணாக ஒப்பிடுங்கள், அல்லது கட்டமைப்பில் இருக்கும் வரி எண்ணும் உதவிக் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

தோல்வியை எதிர்பார்க்கும் டெஸ்டிலும் வடிவம் முக்கியம். '! ./தடம் இல்லாதஃபைல்' என்று எழுதினால், ஒழுங்காகப் பிழை சொல்லி முடிந்தாலும் பாஸ், நினைவகப் பிழையில் விழுந்து 139 என்ற கோடு கொடுத்தாலும் பாஸ். 139 என்பது 128-உடன் சிக்னல் எண் 11. கிட் கட்டமைப்பில் 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' இந்த இரண்டையும் வேறுபடுத்தும், ஆனால் அது கிட் கட்டளைகளுக்கானது. உங்கள் நிரலுக்கு, எதிர்பார்க்கும் எண்ணையே எழுதிச் சோதியுங்கள். 'கிரெப்' போன்ற கணினிக் கட்டளைக்கு ! போதும்.

கேள்வி: தமிழ் உரையைக் கையாளும் ஸ்கிரிப்ட். டெஸ்ட் தோற்கிறது, ஆனால் டிஃப்பில் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றே. தேதி டெஸ்ட் ஒன்று என் லேப்டாப்பில் பாஸ், சிஐ-யில் ஃபெயில். இவை இரண்டையும் ரிவ்யூவில் எப்படிப் பார்த்துப் பிடிப்பது?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: முதலாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒகர உயிர்மெய். 'கொ' என்பதை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம். க-வுடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. க-வுடன் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றது. திரையில் வேறுபாடே தெரியாது. யூடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். இரண்டு ஃபைலையும் 'டபிள்யூசி -சி' கொடுத்து எண்ணினால் உடனே தெரியும். எந்த இடம் என்று பார்க்க 'ஓடி -சி'. 'கோ', 'கௌ'வுக்கும் இதே கதை.

இந்த வேறுபாட்டைச் சோதிப்பதே டெஸ்டின் நோக்கம் என்றால், எழுத்தை நேரடியாக ஃபைலில் தட்டாதீர்கள். எடிட்டரோ, பேட்ச் அனுப்பும் வழியில் வேறு ஏதோ அதை மாற்றிவிடலாம், ரிவ்யூ செய்பவர் கண்ணுக்கும் தெரியாது. 'பிரின்ட்எஃப்' கொண்டு எண்மக் குறியில் எழுதுங்கள்: ஒகரக் குறி \340\257\212, தனித்தனியாக என்றால் ஒற்றைக் கொம்பு \340\257\206, கால் \340\256\276. மேலே ஒரு வரி கமென்ட். இப்போது வேறுபாடு வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. 'எக்கோ' வேண்டாம், பின்சாய்வுக் கோட்டை ஒரு ஷெல் விரிக்கும், இன்னொன்று அப்படியே அச்சிடும்.

தேதிக்குக் காரணம் நேர மண்டலம். 1700000000 என்ற யுனிக்ஸ் விநாடி, யூடிசி-யில் 2023 நவம்பர் 14 இரவு 10:13. சென்னையில் அது நவம்பர் 15 அதிகாலை 3:43. சிஐ இயந்திரங்கள் பெரும்பாலும் யூடிசி-யில் ஓடும். டெஸ்ட் ஃபைலின் முதல் சில வரிகளிலேயே 'டிஇசட்=யூடிசி', 'எல்சி_ஆல்=சி' என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிட்டின் டெஸ்ட் கட்டமைப்பும் இதைத்தான் செய்கிறது. இரண்டாவது வரி இல்லாவிட்டால் 'சார்ட்' தரும் வரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

இந்த வரிகள் ஃபைல் நடுவில் எங்கோ ஒளிந்திருந்தால் ரிவ்யூவில் மேலே ஏற்றச் சொல்லுங்கள். ஒரு டெஸ்டுக்கு மட்டும் வேறு நேர மண்டலம் வேண்டுமானால், அந்தக் கட்டளைக்கு முன்னால் அதே வரியில் மதிப்பைக் கொடுக்கலாம். ஆனால் வருவது வெளிக் கட்டளையாக இருக்க வேண்டும். ஷெல் ஃபங்ஷன் என்றால், சில ஷெல்களில் அந்த மதிப்பு ஃபங்ஷன் முடிந்த பின்னும் தங்கிவிடும். அடைப்புக்குறிக்குள் சப்ஷெல்லாகப் (தனியாக ஓடும் கிளை ஷெல்) போடுங்கள். 'சிடி' செய்வதற்கும் அதே சப்ஷெல்தான்: நடுவில் தோற்றாலும் அடுத்த டெஸ்ட் தவறான டைரக்டரியில் தொடங்காது.

கேள்வி: ஃபார்மேட்டர் கருவி ஒன்றைப் போட்டுவிட்டால் இந்த விவாதமே வேண்டாமே?
— வாசகர், வேளச்சேரி

பதில்: பாதி விவாதம் குறையும், கண்டிப்பாகப் போடுங்கள். எஸ்எச்எஃப்எம்டி என்ற கருவி இன்டென்ட்டை ஒழுங்குபடுத்தும். தானாக விட்டால் டேப்தான். சிஐ-யில் '-டி' ஆப்ஷனோடு ஓட்டினால் வித்தியாசத்தைக் காட்டித் தோற்கும், ஃபைலைத் தொடாது. எடிட்டர்கான்ஃபிக் ஃபைலையும் அது படிக்கும். ஆனால் கட்டளை வரியில் ஒரு வடிவ ஆப்ஷனைக் கொடுத்தாலும் அந்த ஃபைலை ஒதுக்கிவிடும். 'லோக்கலில் ஒன்று, சிஐ-யில் ஒன்று' என்ற புகாருக்கு இது ஒரு காரணம். கூடவே ஷெல்செக். மேற்கோள் போடாத வேரியபிள், தோல்வியைப் பார்க்காத 'சிடி', மேலே சொன்ன 'லோக்கல்' பிழை எல்லாவற்றையும் அது எண்ணோடு சொல்லும்.

மீதிப் பாதி உங்கள் கண்ணுக்குத்தான். கிட் பாணியில் டெஸ்ட் உடல் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கிறது. கருவிக்கு அது வெறும் சரம். உள்ளே என்ன எழுதியிருந்தாலும் தொடாது, குறை சொல்லாது. பேட்ஸ் ஃபைல் என்றால் இரண்டு கருவிகளும் உள்ளே புகுந்து படிக்கும். ஆகவே "ஷெல்செக் சுத்தமாக வந்தது" என்று ஒருவர் எழுதினால், அந்த ஃபைல் எந்த வகை என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

'டேஷ்' என்ற ஷெல் பற்றியும் சொல்ல வேண்டும். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து '/பின்/எஸ்எச்' என்பது டேஷ், பாஷ் அல்ல. [ ]-க்குள் == எழுதினால் பாஷ் ஏற்கும், டேஷ் பிழை சொல்லும். [[ ]] டேஷில் இல்லை. ஃபைலின் முதல் வரியில் எந்த ஷெல் என்று எழுதியிருக்கிறதோ, அதற்கேற்ற குறியீடா என்று பாருங்கள். ஷெல்செக்கும் அந்த முதல் வரியைப் பார்த்தே எதைக் குறை சொல்வது என்று முடிவு செய்யும்.

கேள்வி: டிரெய்னியாகச் சேர்ந்து நான்கு மாதம். என்னை ரிவ்யூவில் சேர்த்திருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர் எழுதிய டெஸ்டில் && விடுபட்டது போல் தெரிகிறது. எப்படிச் சொல்வது?
— வாசகர், தாம்பரம்

பதில்: 'விடுபட்டது போல்' என்பதை 'விடுபட்டிருக்கிறது' என்று உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள். சந்தேகப்படும் வரிக்கு மேல், அதே சங்கிலியில், 'ஃபால்ஸ் &&' என்று ஒரு வரி சேர்த்து அந்த டெஸ்டை ஓட்டுங்கள். 'ஃபால்ஸ்' எப்போதும் தோற்கும் கட்டளை. சங்கிலி நன்றாக இருந்தால் டெஸ்ட் தோற்க வேண்டும். 'ஓகே' என்று வந்தால் சங்கிலி அதற்குக் கீழே எங்கோ அறுந்திருக்கிறது. கிட் பாணி ஃபைல்களை '-வி -ஐ -எக்ஸ்' என்ற மூன்று ஆப்ஷன்களோடு ஓட்டினால், ஓடும் ஒவ்வொரு கட்டளையும் திரையில் வரும், முதல் தோல்வியிலேயே நிற்கும். அறுந்த வரி எது என்று தெரிந்துவிடும்.

பிறகு கமென்ட்டில் வரி எண், நடப்பது, நீங்கள் செய்து பார்த்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். "சார், 42-ஆம் வரிக் கடைசியில் && இல்லை. ./தடம் தோற்றாலும் டெஸ்ட் பாஸ் ஆகிறது. 41-க்கு மேல் ஃபால்ஸ் && போட்டு ஓட்டினேன், ஓகே என்றே வந்தது." இவ்வளவு போதும். "படிக்கக் கஷ்டமாக இருக்கிறது", "நன்றாக இல்லை" போன்றவை யாருக்கும் உதவாது. அனுபவசாலி அதைத் தள்ளிவிடுவார், தள்ளுவதும் நியாயம்தான்.

தோல்வியை மறைக்கும் பிழையையும், வடிவம் பற்றிய விருப்பத்தையும் ஒரே கமென்ட்டில் கலக்காதீர்கள். முதலாவதைச் சரிசெய்யாமல் மெர்ஜ் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு "விருப்பம் மட்டும்" என்று முன்னால் எழுதிவிடுங்கள். அவர் தொடாத பழைய வரிகளில் உள்ள குறையை இந்தப் பேட்ச்சில் கேட்க வேண்டாம். தனிக் கமிட்டாக நீங்களே அனுப்பலாம். '&& சேர்த்தபின் அந்த டெஸ்ட் தோற்கிறது' என்று அவர் பதில் போட்டால் பதறாதீர்கள். && சேர்த்ததால் உண்டான பிழை இல்லை அது, இத்தனை நாள் மறைந்திருந்து இப்போது வெளியே வந்தது. அதைத் திருத்துவதற்குத் தனியாக ஒரு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.